புகார் கொடுக்க ஓராண்டு, வழக்கு நடத்த எத்தனை ஆண்டு?

சென்ற மாதச் செயற்குழுவில் ஒரு பெரியவர் சொன்ன சொல்லுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். தாராவிக்கு வந்து ஐம்பது வருடமானவர், இந்தச் சங்கத்துக்காக உழைத்தவர். ஆகவே பெயர் சொல்லவில்லை. "போலீஸ் விவகாரத்தில் சங்கம் தலையிடக் கூடாது. நாம் பிழைக்க வந்தவர்கள். இரண்டு வருடத்துக்கு முன் அந்தப் பையன் விஷயத்தில் சும்மா இருந்ததால்தான் அவன் இன்று வெளியே இருக்கிறான்" என்றார். பலர் தலையாட்டினார்கள். பையனின் தாய் கதவோரம் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் பேசவில்லை.

அவன் வெளியே இருக்கிறானா? நடந்ததை நினைவுபடுத்துகிறேன். பட்டறையில் ஏதோ சாமான் காணோம் என்று ஒரு திங்கட்கிழமை இரவு அவனைத் தூக்கிப் போனார்கள். வெள்ளிக்கிழமைதான் கோர்ட்டில் நிறுத்தினார்கள். காகிதத்திலோ கைதானது வியாழக்கிழமை மாலை! 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 22-ஆவது பிரிவு. நிறுத்திவிட்டார்கள் அல்லவா? வியாழக்கிழமையிலிருந்து எண்ணினால் கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது. அந்த மூன்று இரவுகளின் கணக்கு அவன் உள்ளங்காலில் இருந்தது. மராத்தியில் எழுதிய பஞ்சநாமாவில் ஓர் எழுத்தும் புரியாமல் கையெழுத்துப் போட்டான்.

ஜாமீன் கிடைத்தது. ஆனால் உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டும், ரேஷன் கார்டு வேண்டும், சம்பளச் சீட்டு வேண்டும். ஊரில் சித்தப்பாவுக்கு நிலம் இருந்து என்ன பயன்? ஐந்து மாதம் உள்ளே கிடந்தான். இந்த அநியாயத்தை உச்ச நீதிமன்றம் 1978-லேயே கண்டித்திருக்கிறது. மோத்தி ராம் என்ற ஏழைக் கொத்தனாரின் வழக்கு அது. பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்ட மாஜிஸ்திரேட், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அண்ணன் தம்பியின் ஜாமீனையும் தள்ளினார். நீதிபதி கிருஷ்ணய்யர் அதில் ஒரு கேள்வி கேட்டார்: தமிழனோ மலையாளியோ ஆந்திரக்காரனோ தூர தேசத்தில் கைதானால் அங்கே சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவான்? நம்மைப் பற்றி, நமக்காகவே கேட்ட கேள்வி. நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்? பத்தாவது படித்த எனக்கே நாற்பது வயதில்தான் தெரிந்தது.

இப்போது மாதா மாதம் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகிறது. ஒரு நாள் சாட்சி வரவில்லை, ஒரு நாள் வக்கீல் வரவில்லை, ஒரு நாள் நீதிபதி லீவு. நான் வேலை பார்க்கும் ரயில்வேயில் ஒரு வண்டி பத்து நிமிஷம் நின்றால், சிக்னலா, என்ஜினா, பாதையா, அது எந்த இலாகாவின் கணக்கு என்று எழுதியாக வேண்டும். வழக்கு இரண்டு வருடம் நின்றால் யார் கணக்கில் எழுதுவது? விரைவான விசாரணை வாழ்வுரிமையின் பகுதி என்று பீகார் சிறைக் கைதிகளின் ஹுசைனாரா காத்தூன் வழக்கில் 1979-ல் தீர்ப்பு வந்தது. 2022-ன் கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள்! தீர்ப்புக்கு வயது நாற்பதைத் தாண்டிய பிறகும் இதுதான் நிலைமை.

சென்ற மாதம் அந்தத் தாய் என்னிடம் கேட்டது இதுதான்: "தம்பி, இப்பவாவது அடிச்சதைப் பத்திப் புகார் எழுதலாமா?" எனக்கு வாய் வரவில்லை. 1993-ன் மனித உரிமைச் சட்டப்படி, சம்பவம் நடந்து ஓராண்டு கடந்தால் ஆணையம் அதை விசாரிக்க முடியாது. விஷயம் கோர்ட்டில் இருந்தாலும் சாதாரணமாக எடுக்க மாட்டார்கள். பொறியைப் பார்த்தீர்களா? வழக்கு நடக்கும் வரை "கோர்ட்டில் இருக்கிறதே" என்பார்கள். முடிந்து போனால் "காலம் கடந்துவிட்டதே" என்பார்கள். ஏழைக்கு ஓராண்டுக் கெடு, சர்க்காருக்குக் கெடுவே கிடையாது. அடிபட்ட முதல் வாரத்தில், வழக்கு விசாரணைக்கு வரும் முன்பே எழுதியிருக்க வேண்டும். அன்று நம்மைத் தடுத்தது போலீஸ் அல்ல, நமது செயற்குழு. கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

"புகார் கொடுத்து என்ன கண்டோம்?" என்பவர்களுக்கு ஒரிசாத் தாய் நீலாபதி பெஹராவைச் சொல்கிறேன். 1987 டிசம்பரில் அவருடைய 22 வயது மகனைத் திருட்டு விசாரணைக்கென்று கொண்டு போனார்கள். மறுநாள் அவன் உடல் தண்டவாளத்தில் கிடந்தது. கட்டியிருந்த கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு ஓடினான், ரயிலில் அடிபட்டான் என்றது போலீஸ். அந்தத் தாய் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதையே மனுவாக எடுத்தார்கள். காயங்கள் தடியடியால் வந்தவை என்றது டாக்டர் சாட்சியம். 1993-ல் ஒன்றரை லட்ச ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்க உத்தரவாயிற்று. பணத்தால் மகன் திரும்பவில்லை. ஆனால் காவலில் சாவு நேர்ந்தால் சர்க்கார் பதில் சொல்ல வேண்டும் என்பதை நாட்டுக்கே நிலைநாட்டியது அந்தக் கடிதம்.

2014 ஏப்ரலில் நமது மும்பையிலேயே, வடாலா ரயில்வே போலீஸ் பிடித்த 25 வயது இளைஞர் இறந்தபோதும் "தப்பி ஓடினார், ரயிலில் அடிபட்டார்" என்றுதான் சொன்னார்கள். உயர் நீதிமன்றம் அதை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. ரயில்வேக்காரன் கேட்கிறேன், பழி போட எங்கள் தண்டவாளந்தானா கிடைத்தது?

2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், முதல் 15 நாளோடு முடிந்துவிடும் போலீஸ் காவலை 40 அல்லது 60 நாளுக்குள் துண்டு துண்டாகவும் கேட்கலாம் என்றாகிவிட்டது. முதல் முறை சிக்கியவர், ஆயுளோ தூக்கோ இல்லாத வழக்கில், உச்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்திருந்தால் ஜாமீனில் விட வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. இந்த இரண்டாவது விஷயத்தை நமக்கு யாரும் வந்து சொல்ல மாட்டார்கள்.

என் அப்பா காலத்தில் பையனைத் தூக்கிய அன்றே மாஜிஸ்திரேட்டுக்கும் கமிஷனருக்கும் தந்தி அடிப்பார்கள். தந்தி ரசீதில் உள்ள தேதியை எந்த ஸ்டேஷன் டைரியும் அழிக்க முடியாது. 2013-ல் தந்தியே நின்றுவிட்டது. ஸ்பீடு போஸ்ட் இருக்கிறது, அதன் ரசீதிலும் தேதி இருக்கிறது. ஆணையத்துக்குப் புகார் எழுதக் கட்டணம் இல்லை, தமிழிலேயே எழுதலாம். தூக்கிய நேரம், வந்தவர்கள் எத்தனை பேர், பார்த்தவர் யார், உடம்பில் எங்கே காயம், இவற்றை அன்றிரவே எழுதுங்கள். மாஜிஸ்திரேட் "அடித்தார்களா?" என்று கேட்கும்போது பயத்தில் "இல்லை" என்று சொல்லிவிடாதபடி பையனுக்குச் சொல்லி அனுப்புங்கள். ஸ்டேஷன் கேமராப் பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தப் பதிவு வேண்டும் என்று அதே கடிதத்தில் கேளுங்கள். எழுத வராதவர்கள் ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கு வரலாம். நான் எழுதித் தருகிறேன், செயற்குழு ஒப்பினாலும் சரி, ஒப்பாவிட்டாலும் சரி.

அந்தப் பையனுக்கு அடுத்த வாய்தா வருகிற மாதம் இரண்டாம் புதன்கிழமை. அன்றைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். பெரியவர் அவர்களும் வந்து ஒரு நாள் கோர்ட் வராந்தாவில் எங்களோடு உட்கார வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். காலை எட்டரை மணிக்கு சயான் ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டர் அருகில் நிற்பேன்.