விசிறியைப் போட்டுவிட்டு மருமகளைத் திட்டாதீர்கள்

கல்யாணச் சீரில் கட்டிலும் பீரோவும் வந்தது போக, ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி பக்கம் இப்போது கன்வெக்ஷன் ஓவனும் வருகிறது. வந்த மூன்றாம் மாதம் அதன்மேல் துணி போர்த்தி, துணிமேல் பூச்சாடி வைத்துவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "அவளுக்குக் கேக் வராதுங்க" என்று பதில். இந்தப் பதிலோடுதான் எனக்குச் சண்டை. அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கே தப்பு.

தமிழில் வரும் கேக் வீடியோக்களில் "180 டிகிரி, 35 நிமிஷம்" என்று ஒரே மந்திரம். விசிறி ஓடும்போதா, ஓடாதபோதா? மூச்சு விடுவதில்லை. பிரிட்டிஷ் சமையல் புத்தகங்களில் 180, விசிறி என்றால் 160 என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடிக்கிறார்கள். அந்த 20 டிகிரியைச் சொல்ல நம் ஆட்களுக்கு என்ன கேடு? விற்கிறவரும் "ஃபேன் இருக்கு சார், எல்லாம் சீக்கிரம் ஆகும்" என்பதோடு சரி.

வேலூர்க்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். அக்னி நட்சத்திரத்தில் 41 டிகிரி அடிக்கும்போது புளியமர நிழலில் நின்றால் வேர்க்கும், அவ்வளவுதான். அதே 41-ல் பைபாஸில் பைக் ஓட்டிப் பாருங்கள், முகம் வேகும். உடம்பை ஒட்டி நிற்கும் மெல்லிய காற்றுப் போர்வையை, ஓடும் காற்று உரித்துவிடுகிறது. ஓவனுக்குள் கேக் மாவுக்கும் அதே கதி. மேல்பக்கம் முதலில் இறுகிவிடும். உள்ளே இருப்பது அப்புறம் உப்பி, வழியில்லாமல் நடுவில் வெடிக்கும்.

தோல் ஷாப்பில் உலர்த்தும் பிரிவில் காலம் தள்ளியவன் நான். ஈரத்தோலைச் சட்டத்தில் இழுத்துக் கிளிப் போட்டு, சூட்டுக் காற்று ஓடும் அறைக்குள் அனுப்புவோம். சூடு எவ்வளவு என்று மட்டும் பார்க்கிறவன் அங்கே ஒரு வாரம் தாங்கமாட்டான். காற்றின் வேகம், அதிலுள்ள ஈரம் எல்லாம் சேர்ந்ததுதான் கணக்கு. அவசரமாகக் காயவைத்த தோல் விறைத்துப் பலகையாகிவிடும். ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்த இந்தப் பாடம் வீட்டு வாசற்படியில் மட்டும் எப்படி மறந்துபோகிறது? ஷாப்பில் தோல் கெட்டால் மெஷினைத் திறந்து பார்க்கிறவர்கள், வீட்டில் கேக் கெட்டால் பெண்ணை முறைக்கிறார்கள்.

இன்னொரு கூத்து, "கன்வெக்ஷன் தம் பிரியாணி". ஆம்பூரில் தம் என்றால், முக்கால் பதம் வெந்த சீரகசம்பாவைக் கறியோடு சேர்த்து, தேக்சாவை மூடி, மூடிமேல் தணல் அள்ளி வைப்பது. மேலும் கீழும் சூடு. உள்ளே காற்று அசையாது, ஆவி வெளியே போகாது. ஈரத்தை விரட்டுகிற பெட்டிக்குள் அதைத் திறந்தபடி வைத்தால் மேல்சோறு மறுபடி அரிசியாகிவிடும். மைதா ஒட்டி இறுக்கி மூடுகிறேன் என்றால் தாராளமாக வையுங்கள். அப்போது விசிறிக் காற்று பாத்திரத்தைத்தான் தொடும், சோற்றைத் தொடாது. ரவையும் நெய்யுமாகச் செய்யும் தம்ரூட்டும் மேலே தணல் வைத்து வேகிற பண்டம்தான். விசிறி போட்டால் மேலே கருகும், நடுவில் கொழகொழவென்று நிற்கும்.

விசிறியே ஆகாது என்று நான் சொல்லவில்லை. நான்கட்டாய் இரண்டு தட்டு ஒரே நேரத்தில் வேகவேண்டுமா, முழுக்கோழியின் தோல் மொறுமொறுவென்று வேண்டுமா, போடுங்கள். அப்போதும் 20 டிகிரி குறைத்து வைத்து, சொன்ன நேரத்துக்கு 10 நிமிஷம் முன்பே எட்டிப் பாருங்கள். ஓடிஜி வகையில் விசிறிக்குத் தனித் திருகு இருந்தால் கேக்குக்கு அணைத்துவிடலாம். மைக்ரோவேவோடு சேர்ந்து வரும் கன்வெக்ஷனில் பெரும்பாலும் அணைக்க முடியாது. அங்கே சூட்டைக் கொண்டுவந்து சேர்ப்பதே விசிறிதான். 160 வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதை ஒருமுறைகூட வைத்துப் பார்க்காமல், கைப்பக்குவம் போதாது என்று உறவுக்காரர்கள் முன்னால் அந்தப் பெண்ணைச் சொல்வது அக்கிரமம்.