பெரிய வெற்றி எது? பெரிய வேதனை எது?

சாக்கோட்டை டீக்கடையில் நாலு பேர் கூடினால் பேச்சு மழையில் தொடங்கும். நெல் விலைக்குப் போகும். கடைசியில் விளையாட்டில் வந்து நிற்கும். "சர்வதேசப் பந்தயங்களில் நாம் கண்ட பெரிய வெற்றி எது? பெரிய வேதனை எது?" என்று கேட்டுப் பாருங்கள். இளைஞர்கள் கிரிக்கெட்டைச் சொல்வார்கள். மூத்தவர்கள் ஹாக்கியைச் சொல்வார்கள்.

நானும் ஒரு ரசிகன்தான். என் பதில் கொஞ்சம் வேறு. அதற்கு முன், எல்லோரும் சொல்லும் பதிலைப் பார்ப்போம்.

மாஸ்கோவில் தங்கம்

1980-ம் ஆண்டு. மாஸ்கோ நகரில் ஒலிம்பிக் பந்தயம். இந்திய ஹாக்கி அணிக்குத் தலைவர் பாஸ்கரன். நம் தமிழ்நாட்டுக்காரர்! இறுதி ஆட்டத்தில் ஸ்பெயின் நாட்டை 4-3 என்ற கோல் கணக்கில் இந்தியா வென்றது. ஹாக்கியில் நமக்கு அது 8-வது ஒலிம்பிக் தங்கம்.

அந்த ஒலிம்பிக்குக்கு அமெரிக்கா உள்படப் பல நாடுகள் வரவில்லை. பாகிஸ்தானும் வரவில்லை. "பெரிய அணிகள் இல்லாத இடத்தில் கிடைத்த வெற்றிதானே!" என்று சொல்வோர் உண்டு. வந்தவர்களை வெல்வதுதானே ஆட்டக்காரன் வேலை? 2024-ம் ஆண்டு வரை நடந்த எந்த ஒலிம்பிக்கிலும் அதன் பிறகு நமக்கு ஹாக்கித் தங்கம் கிடைக்கவில்லை.

டெல்லியில் 7 கோல்

இரண்டே ஆண்டுகள் சென்றன. 1982-ல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி. ஹாக்கி இறுதி ஆட்டத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதின. முதல் கோலை இந்தியாதான் போட்டது. மைதானம் அதிர்ந்தது. ஆனால் அடுத்து வந்த கோல்கள் எல்லாம் பாகிஸ்தானுடையவை. ஒன்றல்ல, இரண்டல்ல, ஏழு! 7-1 என்று இந்தியா தோற்றது.

ஆடியவர்கள் பதினொரு பேர். பழி விழுந்ததோ ஒருவர் தலையில். அவர் கோல் கீப்பர் மீர் ரஞ்சன் நேகி. "பணம் வாங்கிக் கொண்டு கோல் விட்டார்" என்று தூற்றினார்கள். அந்தப் பழி ஒருநாளும் நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் அவருடைய ஆட்ட வாழ்க்கையை அது முடித்து விட்டது.

ஆண்டுகள் உருண்டன. 1998-ல் பாங்காக் நகரில் ஆசியப் போட்டி. இந்திய அணிக்குத் தலைவர் தன்ராஜ் பிள்ளை. புனே அருகே பிறந்த தமிழர். அந்த அணியின் கோல் கீப்பர்களுக்குப் பயிற்சி தந்தவர் யார் தெரியுமா? அதே நேகி! இறுதி ஆட்டம் தென் கொரியாவுடன். சமநிலையில் முடிந்ததால் பெனால்டி அடிகளில் முடிவு செய்தார்கள். கோல் கீப்பர் ஆஷிஷ் பல்லால் பந்துகளைத் தடுத்து நிறுத்த, இந்தியா வென்றது. 32 ஆண்டுகளுக்குப் பிறகு ஆசியத் தங்கம்!

என் கணக்கில் பெரிய வெற்றி அதுதான். ஒரு நாடு தங்கம் வென்றது. பழி சுமந்த ஒரு மனிதர் தலை நிமிர்ந்தார்.

பறிபோன பதக்கம்

அப்படியானால் பெரிய வேதனை எது? டெல்லித் தோல்வி அல்ல. அந்த வேதனை நமக்கு மிக அருகில் இருக்கிறது.

சாக்கோட்டை இருப்பது சிவகங்கை மாவட்டம். நம் அண்டை மாவட்டம் புதுக்கோட்டை. அங்கே கத்தக்குறிச்சி என்ற கிராமம். செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள் சாந்தி அந்த ஊரிலிருந்து ஓடத் தொடங்கினார். 2005-ல் தென் கொரியாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். 2006 டிசம்பரில் தோஹா நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி. அதே 800 மீட்டர். 2 நிமிடம் 3.16 வினாடியில் ஓடி, மறுபடியும் வெள்ளி!

மகிழ்ச்சி சில நாள்தான் நீடித்தது. அவருக்குப் பாலினச் சோதனை நடத்தினார்கள். தேறவில்லை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அந்தரங்கமாக இருக்க வேண்டிய மருத்துவ முடிவு, ஊரெங்கும் செய்தியாகப் பரவியது.

சாந்தி ஊக்க மருந்து சாப்பிடவில்லை. யாரையும் ஏமாற்றவில்லை. பெண்ணாகப் பிறந்து, பெண்ணாகவே வளர்ந்த சிலருடைய உடலில், இயற்கையாகவே சில வேறுபாடுகள் இருப்பது உண்டு. அது அவர்களுக்கே தெரியாமல் இருப்பதும் உண்டு. அது குற்றமா?

அப்போதைய முதல்-அமைச்சர் கருணாநிதி, பதக்கம் போன பிறகும் அரசின் பரிசாக ரூ.15 லட்சம் கொடுத்தார். ஆனால் ஓட்ட வாழ்க்கை முடிந்து போயிற்று. 2012-ல் அவர் செங்கல் சூளையில் கூலி வேலை செய்யும் செய்தி வெளிவந்து பலர் மனதை உலுக்கியது. பிறகு அவர் பயிற்சியாளர் படிப்பு படித்தார். 2016-ல் தமிழக அரசு அவருக்குப் பயிற்சியாளர் வேலை கொடுத்தது. பதக்கம் மட்டும் திரும்பவில்லை.

செமன்யாவும் துத்தியும்

தென் ஆப்பிரிக்க வீராங்கனை செமன்யா 2009-ல் உலகப் போட்டியில் தங்கம் வென்றார். அவருக்கும் இதே சோதனை வந்தது. அவர் நாடு அவர் பக்கம் நின்றது. பதக்கம் பறிபோகவில்லை. ஒடிசாவைச் சேர்ந்த துத்தி சந்த் 2014-ல் போட்டியிலிருந்து நீக்கப்பட்டார். அவர் விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் மன்றத்தில் வழக்காடினார். 2015-ல் அந்த விதியே நிறுத்தி வைக்கப்பட்டது. சாந்திக்கோ அப்போது வழிகாட்ட ஆள் இல்லை. வழக்காட வசதி இல்லை.

"பெண்கள் பந்தயம் நியாயமாக நடக்க வேண்டாமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். உலகத் தடகளச் சங்கம் 2025 செப்டம்பர் முதல், பெண்கள் பிரிவில் உலகப் போட்டிகளில் ஓடுவோருக்கு மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கி இருக்கிறது. அது சரியா என்ற விவாதம் ஓயவில்லை. விதி எதுவானாலும் மூன்று காரியம் வேண்டும். சோதனை, பந்தயத்துக்கு முன்பே நடக்க வேண்டும். முடிவு, வீராங்கனைக்கும் மருத்துவருக்கும் நடுவிலேயே இருக்க வேண்டும். வழக்காட வேண்டி வந்தால், அவரை அனுப்பிய நாடு துணை நிற்க வேண்டும்.

நேகிக்கு 16 ஆண்டு கழித்தாவது ஒரு பாங்காக் கிடைத்தது. சாந்திக்குக் கிடைக்கவில்லை. கத்தக்குறிச்சியிலோ சாக்கோட்டையிலோ இன்று செருப்பில்லாமல் ஓடிக் கொண்டிருக்கும் ஒரு சிறுமி, நாளை தோஹா வரை போகலாம். அவள் பதக்கத்தோடு வந்தால் மாலை போட ஊரே திரளும். வெறுங்கையோடு வந்தாலும் அவளை அழைத்து வர நாலு பேராவது பஸ் நிலையத்துக்குப் போக வேண்டாமா?