முதலில் பானை, பிறகு மீன்

சில ஆண்டுகளுக்கு முன்பு முதலாண்டு வகுப்பில் நீரின் முரண்பட்ட விரிவைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். 4 டிகிரி செல்சியஸில் நீரின் அடர்த்தி மிக அதிகம். ஆகவே குளிர்நாட்டு ஏரிகள் மேலிருந்து உறைகின்றன. பனிக்கட்டிக்கு அடியில் மீன்கள் உயிரோடு நீந்துகின்றன. வழக்கமான படத்தையும் கரும்பலகையில் வரைந்தேன். அப்போது கடைசி வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான்.

"சார், எங்க ஊர் ஏரி உறையறதே இல்லை. சித்திரை வந்தா வத்தித்தான் போகுது. தண்ணியோட இந்தக் குணத்தால எங்களுக்கு என்ன லாபம்?"

வகுப்பே சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். ஆனால் மாலையில் வீடு திரும்பும்போது அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. நீரின் தனிப்பண்பு என்றதும் நாம் எல்லோரும் ஏன் உறைந்த ஏரிக்கே ஓடுகிறோம்? நம் வீட்டு மூலையில் மணல்மேல் வைத்திருக்கும் மண்பானை ஏன் நம் நினைவுக்கு வருவதில்லை?

பானை செய்யும் வேலையைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போமா? மண்ணின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து, வெளிப்புறத்தில் ஆவியாகிறது. அறை வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாவதற்குச் சுமார் 2,430 ஜூல் வெப்பம் வேண்டும். இதுவே ஆவியாதலின் உள்ளுறை வெப்பம். அந்த வெப்பத்தைப் பானையும் உள்ளே உள்ள நீரும் கொடுத்தாக வேண்டும். 5 லிட்டர் கொண்ட பானையிலிருந்து வெறும் 100 கிராம் ஆவியானால் போதும். வெளியிலிருந்து வெப்பம் புகாவிட்டால் மீதி நீர் சுமார் 11 டிகிரி குளிர்ந்துவிடும். உண்மையில் வெளிவெப்பம் புகுந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே அவ்வளவு குளிராது. ஆனாலும் பாருங்கள், ஒரு டம்ளர்கூட நிரம்பாத நீர் ஒரு பானையையே குளிர்விக்கிறது!

நீருக்கு ஏன் இவ்வளவு வெப்பம் தேவைப்படுகிறது? ஒரு நீர் மூலக்கூறிலுள்ள ஹைட்ரஜன், பக்கத்து மூலக்கூறின் ஆக்ஸிஜனைப் பற்றிக்கொள்கிறது. ஹைட்ரஜன் பிணைப்பு எனப்படும் இந்தப் பிடிப்பைப் பற்றி லாட்டிமர், ரோட்புஷ் என்ற இரு அமெரிக்க வேதியியலார் 1920-ல் எழுதினர். ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு அண்டை மூலக்கூறுகளோடு இவ்வாறு கைகோக்க முடியும். ஆவியாக வேண்டுமானால் அத்தனை கைகளையும் உதறிவிட்டு வெளியேற வேண்டும். இதே குடும்பத்தைச் சேர்ந்த ஹைட்ரஜன் சல்பைடின் மூலக்கூறு ஏறத்தாழ இரு மடங்கு எடையுள்ளது. ஆனால் அதற்கு இந்தப் பிடிப்பு மிகவும் குறைவு. சுழிக்குக் கீழே 60 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. நீரும் அப்படி இருந்திருந்தால் கடலும் இல்லை, ஆறும் இல்லை, நாமும் இல்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நீர் உறையும்போது அதே நான்கு கைகள்தான் மூலக்கூறுகளை எட்ட எட்ட நிறுத்தி, இடைவெளி மிகுந்த அமைப்பை உருவாக்குகின்றன. அதனால் பனிக்கட்டி நீரைவிட இலேசாகி மிதக்கிறது. ஆக, மீனின் கதையும் பானையின் கதையும் ஒன்றே. ஒரே காரணத்தின் இரு விளைவுகளைத் தனித்தனிப் பாடங்களாகப் பிரித்து, இரண்டிரண்டு மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்யவைக்கிறோம் என்பதே என் வருத்தம்.

பானையிலிருந்து தொடங்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் உடலும் ஒரு பானைதான். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடலே நொடிக்குச் சுமார் 100 ஜூல் வெப்பத்தை உண்டாக்குகிறது. 50 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலிலிருந்து இந்த வெப்பம் சிறிதும் வெளியேறாவிட்டால், ஒரே மணி நேரத்தில் உடல் வெப்பநிலை 2 டிகிரி ஏறிவிடும். காற்று நம் உடலைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை வெப்பம் எளிதாக வெளியேறும். காற்றின் வெப்பநிலை 40 டிகிரியைத் தொடும் நாளிலோ எதிர்ப்புறமாக, காற்றிலிருந்து உடலுக்கு வெப்பம் வருகிறது. அன்று நமக்குத் திறந்திருக்கும் ஒரே கதவு வியர்வை ஆவியாவதுதான். உடலில் உண்டாகும் வெப்பத்தை மட்டும் வெளியேற்றவே மணிக்கு 150 கிராம் வியர்வை ஆவியாக வேண்டும். ஓடி விளையாடினால் இன்னும் பல மடங்கு.

வியர்வை ஆவியாக வேண்டும். வழிந்து சொட்டினால் பயனில்லை. காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால் ஆவியாதல் மெதுவாகிவிடும். வேலூரின் வறண்ட பிற்பகலில் நன்றாகக் குளிரும் பானை, கடலோரப் புழுக்கத்தில் அவ்வளவு குளிர்வதில்லை. நம் உடலின் நிலையும் அதுவே. இதை நீங்களே அளந்து பார்க்கலாம். இரண்டு வெப்பமானிகளை எடுத்து, ஒன்றின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி, இரண்டையும் மின்விசிறிக் காற்றில் வையுங்கள். ஈரக்குமிழ் குறைந்த அளவைக் காட்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சுருங்கச் சுருங்கப் புழுக்கம் கூடுகிறது என்று பொருள்.

ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரியை எட்டி நீடித்தால், நிழலில் இருக்கும் மனிதரும் தம் உடலைக் குளிர்விக்க முடியாது என்று ஷெர்வுட், ஹியூபர் என்ற அறிவியலார் 2010-ல் எடுத்துக்காட்டினர். 2022-ல் அமெரிக்காவில் நலமான இளைஞர்களை வைத்து நடத்திய சோதனையில், புழுக்கமான காற்றில் உண்மை எல்லை இன்னும் கீழே, சுமார் 31 டிகிரியிலேயே இருப்பது தெரியவந்தது. பூமி சூடேறிவரும் இந்நாளில் இது வெறும் பாடப் புத்தகச் செய்தியன்று.

இப்போது பள்ளிகளை நினைத்துப் பாருங்கள். வெயிலில் நீண்ட நேரம் அணிவகுப்பு. வகுப்பு நடுவே தண்ணீர் குடிக்கத் தயக்கம். கழிப்பறை சரியில்லை என்பதாலேயே நாள் முழுவதும் தண்ணீரைத் தவிர்க்கும் மாணவியர். கேரளப் பள்ளிகளில் 2019-லும் தமிழகப் பள்ளிகளில் 2025-லும் தண்ணீர் குடிக்கவென்றே மணி அடிக்கும் ஏற்பாடு வந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மணி மட்டும் போதாது. நல்ல குடிநீரும் தூய்மையான கழிப்பறையும் வேண்டும். அந்த மணி எதற்காக ஒலிக்கிறது என்பதை இயற்பியல் வகுப்பு சொல்லித்தர வேண்டும்.

மீன் பாடத்தை நீக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது அழகான பாடம். ஆனால் இப்போதெல்லாம் என் வகுப்பில் முதலில் மேசைமேல் ஒரு பானை வந்து அமர்கிறது. மாணவர்கள் அதைத் தொட்டுப் பார்த்து, ஏன் குளிர்கிறது என்று கேட்ட பிறகுதான் ஏரி உறைகிறது. நண்பர்களே, இன்று உங்கள் வீட்டுப் பானையையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். அப்படியே ஒரு டம்ளர் தண்ணீரும் குடியுங்கள்.