பலன் இல்லை என்று சொன்ன ஆய்வுகள்

பக்கவாதம் வந்தவர்களை வைத்து இந்தியாவில் நடந்த ஓர் ஆய்வு 2017இல் லான்செட் இதழில் வெளிவந்தது. ‘அட்டெண்ட்’ என்று பெயர். 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள். நம் நாட்டில் பிசியோதெரபிஸ்டுகள் போதாது. பெருநகரங்களைத் தாண்டிவிட்டால், வீட்டுக்கு வந்து கை காலுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் கிடைப்பது அரிது. ஆனால் வீட்டில் மனைவி இருக்கிறார், மகன் இருக்கிறார், மருமகள் இருக்கிறார். அவர்களில் ஒருவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் பிசியோதெரபிஸ்ட் செய்கிற வேலையில் ஒரு பகுதியையாவது அவரே செய்துவிட மாட்டாரா? இதுதான் கேள்வி. கேட்டவுடன் யாரும் சரி என்று சொல்லக்கூடிய யோசனை. குலுக்கல் முறையில் பாதிக் குடும்பங்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. மீதிப் பாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, இறந்தவர்களும் பிறர் துணையில்லாமல் இயங்க முடியாதவர்களும் சேர்ந்து பயிற்சி பெற்ற குழுவில் 47 சதவீதம். பயிற்சி பெறாத குழுவிலும் 47 சதவீதம். புதிய சான்று வரும்வரை இந்த வழியில் பணம் போட வேண்டாம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். இப்படிப்பட்ட முடிவுகள் தலைப்புச் செய்தியாவது அரிது. பக்கவாத மருத்துவத்தின் கடந்த 40 ஆண்டு வரலாற்றைப் பார்த்தால், நோயாளிகளை அதிகம் காப்பாற்றிய ஆய்வுகளின் பட்டியலில் இப்படி ‘பலன் இல்லை’ என்று முடிந்தவற்றுக்கும் பெரிய இடம் உண்டு என்பது என் உறுதியான கருத்து.

அதற்குக் காரணம் இந்த நோயின் இயல்பிலேயே இருக்கிறது. பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர், யார் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், முதல் மூன்று மாதங்களில் ஓரளவு தாமாகவே தேறுகிறார்கள். மூளையின் வீக்கம் வடிகிறது. ரத்தம் குறைந்து செயலற்றுக் கிடந்த, ஆனால் சாகாத பகுதிகள் மீண்டும் வேலை செய்யத் தொடங்குகின்றன. அழிந்த பகுதியின் வேலையில் கொஞ்சத்தைப் பக்கத்துப் பகுதிகள் எடுத்துக்கொள்கின்றன. பெரும்பாலும் முதலில் தோள் அசையும், பிறகு முழங்கை மடங்கும், விரல்கள் கடைசியில் வரும். சட்டைப் பொத்தானைப் போடும் அளவுக்கு விரல் திரும்புவது பலருக்கு நடப்பதே இல்லை. இந்த மூன்று மாதத்துக்குள் எதைக் கொடுத்தாலும், தேறியதற்கான பெயர் அதற்குப் போய்விடும். நம்மூரில் கை கால் விழுந்தவருக்குப் புறா ரத்தத்தைத் தடவும் வழக்கம் இவ்வளவு காலம் நீடித்ததற்கு இதுதான் காரணம். தடவிய குடும்பம் பொய் சொல்லவில்லை. தடவினார்கள், கை அசைந்தது, இரண்டுமே நடந்தவை. தடவாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பார்க்க மட்டும் அவர்களுக்கு வழி இல்லை. அந்த வழியை உண்டாக்கத்தான் ஒப்பீட்டுக் குழு வேண்டியிருக்கிறது. இதில் படித்த மருத்துவருக்கும் படிக்காத குடும்பத்துக்கும் வித்தியாசம் கிடையாது. நூறு பேருக்குச் சிகிச்சை தந்து அறுபது பேர் தேறியதைக் கண்ட மருத்துவரும், அந்த அறுபதில் எத்தனை பேர் எப்படியும் தேறியிருப்பார்கள் என்பதைக் கண்ணால் பார்த்துவிட முடியாது.

1967இல் சூரிச் நகரில் யாசர்கில் என்ற நரம்பியல் அறுவை மருத்துவர் அபாரமான ஒன்றைச் செய்தார். கழுத்திலிருந்து மூளைக்குப் போகும் தமனி அடைபட்டிருந்தால், நெற்றிப்பொட்டின் தோலுக்கடியில் ஓடும் தமனியை எடுத்து, மண்டையோட்டில் துளையிட்டு உள்ளே கொண்டுபோய், மூளையின் மேற்பரப்பிலுள்ள ஒரு கிளைத் தமனியோடு நுண்ணோக்கியின் கீழ் தைத்து இணைப்பது. அடைப்பைச் சுற்றிக்கொண்டு ரத்தம் போக மாற்றுவழி. இதில் குறை காண யாரால் முடியும்? உலகெங்கும் இந்த அறுவைச் சிகிச்சை பரவியது. கனடாவின் லண்டன் நகரைச் சேர்ந்த ஹென்றி பார்னெட் தலைமையில் 1,377 நோயாளிகளைக் குலுக்கலில் இரண்டாகப் பிரித்து, சராசரியாக நாலரை ஆண்டுக்கும் மேல் கவனித்து, 1985இல் முடிவை வெளியிட்டார்கள். இணைத்த தமனிகளில் 96 சதவீதம் அடைபடாமல் ரத்தத்தைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தன. கைத்திறனில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு, மாத்திரை மட்டும் எடுத்துக்கொண்டவர்களைவிடப் பக்கவாதம் அதிகமாகவும் சீக்கிரமாகவும் வந்திருந்தது. தமனி திறந்திருப்பது வேறு, மூளை பிழைத்திருப்பது வேறு என்பது அன்று எண்ணிக்கையில் தெரிந்தது. அறுவை மருத்துவர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. தகுந்த நோயாளிகளை ஆய்வுக்கு வெளியே வைத்து அறுவை செய்துவிட்டார்கள், அதனால்தான் முடிவு இப்படி வந்தது என்றார்கள். அந்த வாதத்தில் கொஞ்சம் பொருள் இருந்தது. ஆனால் இதே பார்னெட், இதே முறையில், கழுத்துத் தமனியைத் திறந்து கொழுப்புப் படிவைச் சுரண்டி எடுக்கும் இன்னோர் அறுவைச் சிகிச்சையையும் சோதித்தார். தமனி 70 சதவீதத்துக்கு மேல் குறுகியவர்களில், மாத்திரை மட்டும் எடுத்துக்கொண்டவர்களுக்கு இரண்டு ஆண்டில் அந்தப் பக்கத்து மூளையில் பக்கவாதம் வந்தது 26 சதவீதம். அறுவை செய்துகொண்டவர்களுக்கு 9 சதவீதம் என்று 1991இல் முடிவு வந்தது. கத்தியின் மேல் அவருக்கு வெறுப்பு ஒன்றும் இல்லை. ஒன்றுக்கு ‘வேண்டாம்’ என்று சொன்ன அளவுகோல்தான் மற்றொன்றுக்கு ‘செய்யுங்கள்’ என்று சொன்னது. முதல் விடையை மறைத்திருந்தால் இரண்டாவது விடையை யார் நம்பியிருப்பார்கள்?

அடுத்து வருவது நம்மை நேராகவே தொடுகிறது. மண்டையோட்டுக்கு உள்ளே இருக்கும் தமனிகள் குறுகிப்போவது வெள்ளையரைவிட ஆசிய மக்களிடம் அதிகம். இதயத்துக்கு ஸ்டென்ட் வைப்பதைப் போல மூளைத் தமனிக்கும் வைக்கலாம் என்ற எண்ணம் இயல்பாகவே வந்தது. அதற்கென்றே ஒரு ஸ்டென்ட் அமெரிக்காவில் 2005இல் அனுமதியும் பெற்றது. ‘சாம்ப்ரிஸ்’ என்ற ஆய்வு அதைக் குலுக்கல் முறையில் சோதித்தது. 451 பேர் சேர்ந்திருந்த நிலையில் 2011இல் ஆள் சேர்ப்பதையே நிறுத்த வேண்டியதாயிற்று. 30 நாளுக்குள் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தவர்கள் ஸ்டென்ட் குழுவில் 14.7 சதவீதம், மருந்துக் குழுவில் 5.8 சதவீதம். பலரும் முதல் எண்ணோடு நின்றுவிடுகிறார்கள்; இரண்டாவது எண்தான் பெரிய செய்தி. ஆய்வைத் திட்டமிட்டவர்கள் எதிர்பார்த்ததைவிட அந்தக் குழுவினர் மிக நன்றாக இருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தவை ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் 90 நாள், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின், ரத்த அழுத்தத்தை 140க்குக் கீழே வைக்க மாத்திரைகள், சாப்பாட்டையும் நடையையும் புகைப்பதையும் விடாமல் விசாரித்துக்கொண்டிருக்க ஓர் ஆள். மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் இந்த மாத்திரைகளின் முழு வலிமை வெளியே தெரிந்ததற்கு, அவற்றோடு மோதிய விலையுயர்ந்த சாதனம் தோற்றதும் ஒரு காரணம்.

நோயாளியைச் சீக்கிரம் எழுப்பி நடக்க வைக்க வேண்டும் என்ற நம்பிக்கையும் இதே சோதனைக்கு உள்ளானது. ஐந்து நாடுகளில் 2,104 பேரிடம் நடந்த ‘அவெர்ட்’ ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் எழுப்பி அடிக்கடி, அதிக நேரம் பயிற்சி கொடுத்த குழுவில் மூன்று மாத முடிவில் நல்ல நிலையில் இருந்தவர்கள் 46 சதவீதம். வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் 50 சதவீதம். 2015இல் இது வெளிவந்தபோது அதை நடத்தியவர்களே வருந்தியிருக்கக்கூடும். ஃப்ளூவாக்ஸிடின் என்ற மனச்சோர்வு மாத்திரை கை கால் அசைவைத் திருப்பித் தருகிறது என்று 118 பேரை வைத்து ஒரு பிரெஞ்சு ஆய்வு 2011இல் நம்பிக்கையூட்டியது. 3,127 பேரை வைத்து பிரிட்டனில் நடந்த ‘ஃபோகஸ்’ 2018இல் அந்த நம்பிக்கையை முடித்துவைத்தது. மனச்சோர்வு குறைந்தது, ஆனால் இயக்கம் கூடவில்லை, எலும்பு முறிவு மட்டும் கூடியது.

இதற்கு வரக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ‘பலன் இல்லை’ என்ற முடிவே தவறாக இருந்துவிட்டால்? அப்படி நடந்திருக்கிறது. 2013இல் மூன்று ஆய்வுகள் ஒரே நேரத்தில் வெளிவந்து, தொடையிலோ கையிலோ குழாயை நுழைத்து மூளைத் தமனியிலிருந்து ரத்தக்கட்டியை வெளியே எடுப்பதால் கூடுதல் நன்மை இல்லை என்றன. இரண்டே ஆண்டில், 2015இல், நெதர்லாந்தின் 16 மருத்துவமனைகளில் 500 பேரிடம் நடந்த ‘எம்ஆர் கிளீன்’ நேரெதிரான விடையைத் தந்தது: பிறர் துணையின்றி வாழும் நிலைக்குத் திரும்பியவர்கள் கட்டி எடுத்த குழுவில் 32.6 சதவீதம், மற்றதில் 19.1 சதவீதம். அடுத்தடுத்து நான்கு ஆய்வுகள் அதை உறுதிசெய்தன. இன்று அந்தச் சிகிச்சை உலகத் தரம். 2013 முடிவை நம்பிச் சிகிச்சையைக் கைவிட்டிருந்தால் எத்தனை பேர் முடங்கியிருப்பார்கள் என்று கேட்பது நியாயமே. ஆனால் எதனால் அந்தத் தவறு திருந்தியது என்பதையும் பார்க்க வேண்டும். முதல் ஆய்வுகள் எங்கே சறுக்கின என்பது அவை முழுமையாக வெளியிடப்பட்டதால்தான் தெரிந்தது. பெரிய தமனியில் அடைப்பு இருக்கிறதா என்று ஸ்கேனில் உறுதிசெய்யாமலே பலரைச் சேர்த்திருந்தார்கள், கருவிகள் பழையவை, சிகிச்சை தொடங்கத் தாமதமானது. மேலும், நெதர்லாந்தில் இந்த ஆய்வில் பங்கேற்றால்தான் சிகிச்சைக்குக் காப்பீட்டுப் பணம் என்று வைத்துவிட்டார்கள். நம்பிக்கை உள்ள மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளை ஆய்வுக்கு வெளியே கொண்டுபோக முடியவில்லை. 1985இல் எழுந்த அந்தப் புகாருக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

உயிருக்குப் போராடும் மனிதரைக் குலுக்கலில் விடுவது தர்மமா என்பது இன்னொரு கேள்வி. நம் நாட்டில் அதன் பின்னால் நியாயமான பயமும் இருக்கிறது; ஏழைகளைச் சோதனை எலியாக்கிய புகார்கள் நாடாளுமன்றம் வரை, உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. அதன் பிறகுதான் 2019இல் புதிய மருந்துகளுக்கும் ஆய்வுகளுக்குமான விதிகள் வந்தன. பாதிப்பு நேர்ந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்பதும் அவற்றில் உண்டு. அந்தக் கண்காணிப்பு இன்னும் இறுக வேண்டும். ஆனால் ஆய்வு இல்லாத இடத்தில் நோயாளி பத்திரமாக இருக்கிறார் என்று எண்ணுவது தவறு. கட்டியைக் கரைக்கும் ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் ஊனமின்றி மீள்பவர்கள் கூடுகிறார்கள். ஆனால் நோயை மோசமாக்கும் மூளை ரத்தக்கசிவு ஊசி போட்டவர்களில் 6.4 சதவீதம், போடாதவர்களில் 0.6 சதவீதம். 1995இல் 624 அமெரிக்க நோயாளிகள் குலுக்கலுக்குச் சம்மதித்ததால் கிடைத்த எண்கள் இவை. அவசரப் பிரிவின் வாசலில் நிற்கும் குடும்பத்திடம் மருத்துவர் இன்று இரண்டையும் சேர்த்தே சொல்லி, கையெழுத்துக் கேட்க முடிகிறது. எண் இல்லாத காலத்தில், எந்த மருத்துவரிடம் போய்ச் சேர்கிறோம் என்பதே குலுக்கலாக இருந்தது.

மீண்டும் அட்டெண்டுக்கு வருகிறேன். குடும்பம் பார்த்துக்கொள்வதால் பயனில்லை என்று அது சொன்னதாக எடுத்துக்கொண்டால் அநியாயம். ஒப்பீட்டுக் குழுவிலும் குடும்பங்கள் இருந்தன. புரட்டிப் படுக்க வைத்தன, ஊட்டின, கழிப்பறைக்குத் தூக்கிச் சென்றன. அதற்கு மேல் ஒரு பயிற்சியைச் சேர்த்தால் விளைவு மாறுகிறதா என்பது மட்டுமே சோதிக்கப்பட்டது. மாறவில்லை. அந்தக் கூடுதல் பயிற்சியை யார் தலையில் கட்டப் பார்த்தோம் என்று யோசியுங்கள். பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் தலையில். ஆய்வு நடக்காமலே இது அரசுத் திட்டமாகியிருந்தால், கணவர் தேறாததற்கு ‘நீங்கள் சரியாகப் பயிற்சி கொடுக்கவில்லை’ என்ற பழியும் அந்தப் பெண்களுக்கே போயிருக்கும். பிசியோதெரபிஸ்டுக்கு மாற்று வீட்டு மனிதர்கள் என்று சொல்லிச் செலவைத் தவிர்க்கும் வழியை இந்த ஆய்வு அடைத்துவிட்டது. இதை நான் பெரிய உபகாரமாகக் கருதுகிறேன்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், ரத்த அழுத்த மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் வீட்டுக்கே கொண்டுபோவதோடு பிசியோதெரபியையும் வாசலுக்கு அனுப்புகிறது. குடும்பத்தின் தலையில் கட்டாமல் பயிற்சி பெற்றவரையே அனுப்புவதால் நான் இதை வரவேற்கிறேன். வரவேற்கும்போதே கேட்க வேண்டிய கேள்வியும் இருக்கிறது: பக்கவாதம் வந்த ஒருவர் வீட்டுக்கு மாதத்தில் எத்தனை முறை போனால் அவர் தேறுகிறார்? ஆட்கள் குறைவாக இருப்பதால் எல்லா வட்டாரத்துக்கும் ஒரே நேரத்தில் வருகையைக் கூட்ட முடியாது. எப்படியும் சில வட்டாரங்கள் முதலிலும் சில பிறகும் பெறும். அந்த வரிசையைக் குலுக்கலில் முடிவுசெய்யலாம். தானே எழுந்து கழிப்பறைக்குப் போகிறாரா, தன் கையால் சாப்பிடுகிறாரா, வேலைக்குத் திரும்பினாரா என்று ஆறு மாதம் கழித்து, எந்த வட்டாரம் எந்தக் குழு என்று தெரியாதவர்களை வைத்து இரு பக்கமும் பதிவுசெய்யலாம். கூடுதல் வருகை பயன் தந்தால் நிதி கேட்க அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. தரவில்லை என்றால் அதே பிசியோதெரபிஸ்டுகளை முதல் மூன்று மாதத்தில் இருப்பவர்களிடம் அனுப்பிப் பார்க்கலாம். இரண்டில் எந்த விடை வந்தாலும் அதை அரசு தன் பெயரிலேயே வெளியிட வேண்டும்.