ராகப் பட்டியல் அல்ல சிகிச்சை

இந்த நோய்க்கு இந்த ராகம் என்று பட்டியல் போடும் காணொளிகளுக்கு யூடியூபில் பஞ்சமில்லை. மருந்துச்சீட்டு போலப் பாட்டை எழுதிக்கொடுப்பதற்குப் பெயர் இசைச் சிகிச்சை அல்ல.

பின்லாந்தின் யுவாஸ்கைலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனச்சோர்வுள்ள 79 பேரை இரு குழுக்களாகப் பிரித்தனர். எல்லோருக்கும் வழக்கமான சிகிச்சை. 33 பேருக்கு மட்டும் கூடுதலாக, வாரம் இருமுறை வீதம் 20 இசை அமர்வுகள். கண்ணை மூடிப் பாட்டுக் கேட்கும் அமர்வுகள் அல்ல இவை. ஜெம்பே என்ற ஆப்பிரிக்க மேளத்தையோ சைலஃபோன் வகைக் கருவியையோ அவர்களே மனம்போல வாசித்தார்கள்; பயிற்சி பெற்ற சிகிச்சையாளரும் கூடவே வாசித்தார். பிறகு பேச்சு. வாய் சொல்லத் தயங்குவதை முதலில் கை சொல்லட்டும் என்ற ஏற்பாடு. சங்கீத ஞானம் தேவையில்லை. தாளம் தப்பினால் திட்டவும் ஆளில்லை.

முடிவுகள் 2011-ல் வெளிவந்தன. மூன்றாவது மாதத்தில் இசைக் குழுவினருக்குச் சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகமாகக் குறைந்திருந்தன. ஆறாவது மாதத்தில் அந்த வித்தியாசம் அத்தனை துலக்கமாக இல்லை. காணொளிக்காரர்கள் இந்தப் பாதியைச் சொல்ல மாட்டார்கள்!

மாத்திரையை நிறுத்திவிட்டு ராகத்தை நம்பச் சொல்பவர்களைத் தள்ளியே வைக்க வேண்டும். மருந்தோடு சேர்ந்த இசைக்கோ அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் இடம் தரலாம். ஒரு பறையும், பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் ஒருவரும் இருந்தால் தொடங்கிவிடலாம்.