ஆஞ்சி புரூக்ஸ் அமர்ந்த நாற்காலி



செப்டம்பர் பிறந்துவிட்டால் நியூயார்க்கில் ஐ.நா. பொதுச் சபை கூடிவிடும். தலைவர்கள் ஒவ்வொருவராக வந்து பேசுவதைத் தொலைக்காட்சியில் பார்க்கிறோம். அவர்களுக்குப் பின்னால், உயரமான மேடையில் அமர்ந்திருக்கும் சபைத் தலைவரை நம்மில் பலர் கவனிப்பதில்லை. எனக்கோ அந்த நாற்காலியைப் பார்க்கும்போதெல்லாம் ஆஞ்சி எலிசபெத் புரூக்ஸின் நினைவு வரும். 1969 செப்டம்பர் 16 அன்று அந்த இடத்துக்குத் தேர்வானவர். லைபீரியாக்காரர்.

மேற்கு ஆப்பிரிக்கக் கடலோரத்தில் இருக்கிறது லைபீரியா. அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறிய கறுப்பின மக்கள் 1847-இல் அதைக் குடியரசாக அறிவித்தார்கள். 1962 கணக்கெடுப்பில் மொத்த மக்கள்தொகையே பத்து லட்சத்துச் சொச்சம்தான். அங்கே வர்ஜீனியா என்ற ஊரில், 1928-இல், ஏழைப் போதகர் ஒருவரின் ஒன்பது பிள்ளைகளில் இரண்டாவதாகப் பிறந்தார் ஆஞ்சி. பெற்றோரால் எல்லாப் பிள்ளைகளையும் வளர்க்க முடியவில்லை. தலைநகர் மன்ரோவியாவில் துணி தைத்துப் பிழைத்த கைம்பெண் ஒருவர் இவரை எடுத்து வளர்த்தார்.

பதினோரு வயதில் யாரும் சொல்லித் தராமல் தட்டச்சு பழகிக்கொண்டார். சட்டப் பத்திரங்களுக்கு நகல் அடித்துக் கொடுத்ததில் நாலு காசு கிடைத்தது. பதினான்கு வயதில் கல்யாணம், இரண்டு மகன்கள், பிறகு மணமுறிவு. பிழைப்புக்கு நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து வேலை. அவர் வாழ்க்கை திரும்பியது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். நீதிபதி சொல்வதையும் சாட்சி சொல்வதையும் நாள் முழுக்க ஒரு சொல் விடாமல் எழுதுகிறவருக்கு, எங்கே தவறு நடக்கிறது என்பது மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். இங்கே நீதி சரியாக நடக்கவில்லை என்று அந்த இளம்பெண்ணுக்குப் பட்டது. சட்டம் படிப்பதென்று முடிவு செய்தார்.

ஆனால் நாட்டில் அப்போது சட்டக் கல்லூரி கிடையாது. மூத்த வழக்கறிஞரிடம் சேர்ந்துதான் தொழில் கற்க வேண்டும். முன்பு வெளியுறவு அமைச்சராக இருந்த கிளாரன்ஸ் சிம்ப்சன் இவரைச் சேர்த்துக்கொண்டார். முதன்முதலாக வாதாட எழுந்தபோது, ஒரு பெண் வாதாடுவதைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே கூட்டம் வந்திருந்ததாம். எத்தனை பேருக்கு அதற்குப் பிறகும் மறுநாள் அதே நீதிமன்றத்துக்குப் போகும் துணிவு வரும்!

அமெரிக்காவில் படிக்க ஆசை வந்தபோது கையில் பணமில்லை. குடியரசுத் தலைவர் டப்மனையே அணுகி, பயணச் செலவுக்கு வழி செய்துகொண்டார். வட கரோலினாவின் ஷா பல்கலைக்கழகத்தில் பாத்திரம் கழுவியும் துணி துவைத்தும் நூலகத்தில் வேலை பார்த்தும் 1949-இல் பட்டம் பெற்றார். விஸ்கான்சினில் சட்டம் முடித்து, லண்டனில் பன்னாட்டுச் சட்டமும் படித்துவிட்டு ஊர் திரும்பினார்.

1954-இல் ஐ.நா.வுக்குப் போகும் லைபீரியக் குழுவில் கடைசி நேரத்தில் ஓர் இடம் காலியானது. அதை நிரப்பப் போனவர், பிறகு ஆண்டுதோறும் போனார். அவர் எடுத்துக்கொண்ட வேலை, இன்னும் விடுதலை பெறாத நாடுகளின் பிரச்சினை. சொந்தக் கொடியில்லாத மக்களின் முறையீடுகளைக் கேட்கும் நான்காம் குழுவுக்கு 1961-இல் தலைவரானார். மறு ஆண்டு ருவாண்டா-உருண்டிக்கான ஐ.நா. ஆணையத்தின் தலைவர். அந்த 1962 ஜூலை 1 அன்றுதான் ருவாண்டாவும் புருண்டியும் தனி நாடுகளாயின. 1966-இல், ஐ.நா.வின் பொறுப்பில் இருந்த பகுதிகளின் ஆட்சியை மேற்பார்வையிட்ட அறங்காவலர் மன்றத்தின் தலைமைக்கு வந்தார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண்ணும் முதல் ஆப்பிரிக்கரும் அவர்தான். படை பலமோ பண பலமோ இல்லாத நாட்டின் தூதருக்கு, கோப்புகளை முழுதாகப் படிப்பதும் எதிரே இருப்பவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பதும்தான் பலம். நீதிமன்ற மேசையில் பழகிய காது அவருக்குக் கடைசிவரை உதவியிருக்கும் என்றே நம்புகிறேன்.

1969-இல் 126 நாடுகளின் சபைக்குத் தலைவரானார். அவருக்கு முன் அந்த இடத்தில் அமர்ந்த ஒரே பெண் நம் விஜயலட்சுமி பண்டிட், 1953-இல். ஏற்புரையில் ஆஞ்சி இனிப்பாகப் பேசி முடித்துக்கொள்ளவில்லை. ஐ.நா.வின் மதிப்பு குறைந்துகொண்டே வருகிறது, பேச்சும் தீர்மானமும் மட்டும் உலகத்தின் போக்கை மாற்றிவிடாது என்று வந்திருந்தவர்களின் முகத்துக்கு நேரே சொன்னார்.

1977-இல் லைபீரிய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். எந்த நீதிமன்றங்களின் குறையைக் கண்டு சட்டம் படிக்கப் புறப்பட்டாரோ, அவற்றுக்கெல்லாம் மேலான இடம். இதற்கிடையே பல பிள்ளைகளைத் தன் வீட்டில் எடுத்து வளர்த்தார். தானும் அப்படி வளர்ந்தவர்தானே. 2007 செப்டம்பர் 9 அன்று ஹூஸ்டனில் காலமானார்.

அவருக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு இன்னொரு பெண் வர 37 ஆண்டுகள் ஆயின. 2006-இல் பஹ்ரைனின் ஷேக்கா ஹயா வந்தார். 2025 வரை நடந்த 80 கூட்டத் தொடர்களுக்கும் சேர்த்து ஐந்து பெண்கள்தான் தலைமை ஏற்றிருக்கிறார்கள். இது போதவே போதாது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று, அந்த வேலையிலிருந்தே மேலே படித்து உயர்ந்த அம்மாவோ அத்தையோ உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களுடன் உட்கார்ந்து பேசி, அவர்கள் சொல்வதை எழுதி அனுப்புங்கள். வரும் இதழ்களில் அவர்களுக்காகப் பக்கங்களை ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்