வீடா, பள்ளிக்கூடமா?

சென்ற வாரம் நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆறு வயதுப் பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டு, வீட்டிலேயே கற்பிக்கத் தீர்மானித்திருப்பதாக அவர் சொன்னார். "யார் கற்பிக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டேன். "நாங்கள்தான்" என்றார். அவருடைய மனைவி ஒன்றும் பேசாமல் காப்பி கொண்டுவர உள்ளே சென்றார். அந்த வீட்டில் "நாங்கள்" என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது!

பள்ளிக்கூடத்தின் மீது நண்பர் சாட்டிய குற்றங்களில் பொய் ஒன்றுமில்லை. மனப்பாடம், மதிப்பெண், முதுகை வளைக்கும் புத்தகச் சுமை எல்லாம் நாம் அறிந்தவையே. ஆனால் வீட்டுக் கல்வி என்றதும் எனக்கு இரண்டு பெரியவர்களின் நினைவு வருகிறது.

மகாத்மா காந்தி 1897-இல் தென்னாப்பிரிக்காவுக்குத் தம் மக்களை அழைத்துச் சென்றார். ஐரோப்பியர் பள்ளிக்கூடத்தில் அவர்களுக்குச் சலுகையாக இடம் கிடைத்திருக்கும். மற்ற இந்தியக் குழந்தைகளுக்கு இல்லாத சலுகை தம் மக்களுக்கும் வேண்டாம் என்று அவர் மறுத்தார். பின்னர் ஜோஹானஸ்பர்க்கில், வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு நடந்து போகையிலும் வருகையிலும், பேச்சு வாயிலாகவே பிள்ளைகளுக்குப் போதித்தார். கொள்கை உயர்ந்ததுதான். எனினும், தாம் விரும்பிய அளவு நேரத்தை அவர்களுக்குத் தர இயலவில்லை என்பதையும், பிள்ளைகளுக்கு அதில் மனக்குறை உண்டு என்பதையும் தமது சுயசரிதையில் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். மூத்த புதல்வர் ஹரிலால் 1911-இல் தந்தையைப் பிரிந்து, படிப்பை நாடி இந்தியா திரும்பினார்.

ரவீந்திரநாத தாகூர் கதை வேறு. பள்ளிக்கூடம் அவருக்குச் சிறைச்சாலையாக இருந்தது. சில பள்ளிகளில் சேர்ந்து பார்த்து விட்டுவிட்டார். வீட்டில் உபாத்தியாயர்கள் வந்து கற்பித்தார்கள். அப்படிப்பட்டவர் பெரியவரானதும் என்ன செய்தார்? 1901-இல் சாந்திநிகேதனத்தில் ஐந்து மாணவர்களுடன் ஒரு பள்ளிக்கூடத்தையே தொடங்கினார்! அந்த ஐவருள் ஒருவர் அவருடைய மகன் ரதீந்திரநாதர். சுவர்களை விலக்கி மரத்தடிக்கு வகுப்பைக் கொண்டுவந்தாரே தவிர, கூடப் படிக்கும் தோழர்களை அவர் விலக்கவில்லை.

2020-இல் கொரோனா நோய் பரவியபோது பள்ளிகள் மூடப்பட்டு, வீடெல்லாம் வகுப்பறையாயிற்று. பாடம் எப்படியோ நடந்தது. விளையாடவும் சண்டையிட்டுச் சமாதானமாகவும் ஆளின்றிக் குழந்தைகள் ஜன்னலோரம் நின்றதை நாம் மறந்துவிட முடியாது.

வீட்டில் படித்தவர்களுக்குப் பரீட்சை எழுத வழியில்லாமல் இல்லை. 14 வயது நிறைந்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் மூலம் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். ஆகவே, கஷ்டம் பரீட்சையில் இல்லை. தினந்தோறும் தரவேண்டிய நேரத்தில் இருக்கிறது.

காப்பி வந்தது. "நாளைக் காலை பத்து மணிக்குக் குழந்தையின் அருகில் உட்காரப் போவது யார்?" என்று மறுபடியும் கேட்டேன். நண்பர் கடிகாரத்தைப் பார்த்தார். "நீங்களாவது கேட்டீர்களே!" என்றார் அவர் மனைவி.

அந்தக் கேள்விக்குத் தயங்காமல் விடை சொல்லக்கூடிய வீட்டில், தோழர்களுக்கும் வழி செய்துவிட்டு, தாராளமாகக் கற்பிக்கலாம். மற்ற வீடுகளில் குழந்தை பள்ளிக்கூடத்துக்கே போகட்டும். மாலையில் ஒரு மணி நேரம் தகப்பனார் அதனுடன் உட்காரட்டும். அதுவும் வீட்டுக் கல்விதான்.